இரண்டாவது கிளாம்ப்

என் அண்ணன் டெஸ்மண்டுக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அதில் பொறித்திருக்கும் பெயரைத்தான் பார்ப்பான். பெரிய கம்பெனிப் பெயராக இருந்தால் விலையைக்கூடக் கேட்காமல் வண்டியில் ஏற்றிவிடுவான். நான் அந்த ரகம் இல்லை. என் தலைக்கு மேலே தொங்கும் கம்பிக்கயிறும் கொக்கியும் முதல் தரமாக இருக்க வேண்டும், உயிர் எனக்கு வெல்லம். பைப் ரென்ச்சையும் நல்லதாகத்தான் வாங்குவேன். போன குளிர்காலத்தில் மலிவு ரென்ச் ஒன்று வழுக்கி என் விரல் முட்டித் தோலை உரித்துவிட்டது. மற்றதற்கெல்லாம் மலிவுச் சரக்கு தாராளமாகப் போதும், ஒன்று வாங்கும் காசில் மூன்று கிடைக்கும் என்பது என் கட்சி. இதை இருபது வருடமாகச் சொல்கிறேன், அவன் காதில் ஏறவே இல்லை.

நாங்கள் இருவரும் போர்ட் அகஸ்டாவுக்கு வடக்கே மாட்டுப் பண்ணைகளில் போர் பம்பு கழற்றி மாட்டுகிறவர்கள். ஒரு பண்ணையிலிருந்து அடுத்ததற்கு அரை நாள் ஓட்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு காண்டிராக்டருக்கும் ஒரு நிறம் உண்டு. பண்ணைக் கொட்டகையில் நாலு பேர் சாமான் கலந்து கிடக்கும்போது அவரவர் நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வோம். எங்களுடையது ஊதா. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் டெஸ் ஒரு டப்பா பெயிண்டோடு உட்கார்ந்து, சுத்தியல் முதல் திருப்புளி வரை பழைய ஊதாவின் மேலேயே புது ஊதாவைப் பூசி வைப்பான். கீழே இரும்பு என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு நாள் சுரண்டிப் பார்த்தவனில்லை.

ஜனவரியில், எங்கள் பக்கத்தில் அதுதான் கொளுத்தும் கோடை, ஐவி அக்கா போன் செய்தார். புருஷன் போன பிறகு தனியாகவே பண்ணையை நடத்துகிற மனுஷி. பண்ணைக்கு இருப்பது ஒரே போர். பம்பு செத்துவிட்டது, தொட்டியில் மறுநாள் மதியம் வரைக்கும்தான் தண்ணீர் என்றார். அந்த வெயிலில் மாடுகள் ஒரு நாள்கூடத் தாங்காது. குரலில் பதற்றமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தோம்.

பம்பை வெளியே எடுக்க, அதைத் தாங்கும் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். கழற்றும் நேரத்தில் மீதிக் குழாய்கள் பம்போடு கிணற்றுக்குள் தொங்கும். அவற்றைப் பிடித்து நிறுத்துவது போர் வாயில் உட்காரும் ஒரு கிளாம்ப். இரண்டு இரும்புத் துண்டு, இரண்டு போல்ட், அவ்வளவுதான். அது விட்டால் மொத்தமும் அடியில் போய் அடைத்துக்கொள்ளும். புதுப் போர் போட ரிக் வர மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் ஐவி அக்கா மாடுகளை லாரியில் ஏற்றி, வந்த விலைக்கு விற்று, பண்ணையையும் மூட வேண்டியதுதான்.

டெஸ் தன் கம்பெனி கிளாம்பைப் போட்டான். நாலு குழாய் வந்தது. ஐந்தாவதைத் தூக்கும்போதுதான் கிளாம்பில் போல்ட் மாட்டும் காதுப் பக்கம் ஊதா பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது.

"அண்ணே, அங்க பாரு, விரிசல் மாதிரி தெரியுது."

"பெயிண்ட்டுடி அது. வெயிலுக்கு வெடிச்சிருக்கு."

"சுரண்டிப் பாத்துரலாமே."

"இருபது வருஷமா தூக்குற சாமான். அதைப் போயி சந்தேகப்படுறியா? உன் மலிவுத் தகர கிளாம்பை வேணா சந்தேகப்படு."

"எனக்கு எல்லாத்து மேலயும்தான் சந்தேகம். அதனாலதான் தகரத்தை மூணா வாங்கி வச்சிருக்கேன்."

வண்டியிலிருந்து என் மலிவு கிளாம்ப் ஒன்றை எடுத்துவந்து, அவனுடையதற்கு ஒரு சாண் மேலே குழாயில் மாட்டினேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒவ்வொரு குழாய்க்கும் ரெண்டு தடவை கழட்டி மாட்டணும். பொழுது சாஞ்சிரும். எடுடி அதை."

அதுவரை வாய் திறக்காமல் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்ற ஐவி அக்கா, "இருக்கட்டும் டெஸ். என் தண்ணிதானே, நான் காத்திருக்கேன்" என்றார். டெஸ் முணுமுணுத்துக்கொண்டே வேலையைப் பார்த்தான்.

ஏழாவது குழாயைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தோம். கொக்கி அந்தக் குழாயோடு போயிருந்தது. கீழே தொங்குகிற பாரம் முழுக்க கிளாம்பின் மேல் இருந்தது. படாரென்று ஒரு சத்தம். டெஸ்ஸின் கிளாம்பில் ஒரு காது உடைந்து என் காலைத் தாண்டிப் பறந்தது. குழாய்கள் ஒரு சாண் கீழே விழுந்து, என் தகர கிளாம்ப் போர் வாயில் இடிக்க, அதில் தொங்கி நின்றன. நின்றன என்றால் அசையாமல் இல்லை. அதன் இரண்டு காதும் மெல்ல மெல்ல மேல் பக்கமாக வளைந்துகொண்டிருந்தன.

"கொக்கியைக் கொண்டா" என்றேன். டெஸ் கம்பிக்கயிற்றை இழுக்கும் வின்ச்சுக்கு ஓடினான். நான் கொக்கி மாட்டும் வளையமுள்ள தூக்குத்தலையைக் குழாய் வாயில் வைத்துத் திருகினேன். மரை பிடித்தது. கொக்கி இறங்கி மாட்டியது, கம்பிக்கயிறு விறைத்தது, பாரம் கொக்கிக்குப் போயிற்று. என் கிளாம்ப் கோணல் மாணலாக வளைந்து, இனி எதற்கும் உதவாமல் குழாயில் தொங்கியது.

டெஸ் தானே வண்டிக்குப் போய் என் மற்ற இரண்டு தகரங்களையும் கொண்டுவந்தான். இரண்டையும் சேர்த்து மாட்டினான், நான் சொல்லாமலே. மீதிக் குழாய்கள் ஒழுங்காக வந்தன. புதுப் பம்பை மாட்டி இறக்கி, பொழுது சாயும் நேரத்தில் தண்ணீரை எடுத்தோம். முதலில் சிவப்பாக வந்து பிறகு தெளிந்தது. மாடுகள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு வாயை வைத்தன. ஐவி அக்கா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, அப்படியே வைத்திருந்தார்.

பிறகு மாட்டுக்கறி வைத்த ரொட்டியும் பால் ஊற்றாத கட்டன் டீயும் கொண்டுவந்து கொடுத்தார். வயிற்றுக்குள் டீ இறங்கியதும் டெஸ்ஸுக்கு உயிர் வந்துவிட்டது. உடைந்த கிளாம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடைந்த இடத்தில் பாதிக்கு மேல் பழைய துரு.

"சரி, இதுக்கும் மலிவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு பாரு" என்றான். "உன்னுதை இனி குப்பையிலதான் போடணும். இது ஆயுசு கியாரண்டி. போர்ட் அகஸ்டா கடையில குடுத்தா, கேள்வியே கேக்காம புதுசு குடுத்துருவான்."

எனக்கு எரிச்சல் வந்தது. நறுக்கென்று ஏதாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஐவி அக்கா அவனுக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிக்கொண்டே, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"போரும் சேத்துக் குடுப்பானா, டெஸ்?"

டெஸ் உடைந்த கிளாம்பைத் தரையில் வைத்தான்.