மிலாதினின் கழுத்தும் குறுக்குக் காற்றும்

என் வீட்டுக்காரன் மிலாதினுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது காற்றுதான். புயலும் இல்லை, சூறாவளியும் இல்லை. எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் சும்மா ஒரு காற்று போகுமே, அது. செர்பியாவில் அதற்குப் புரோமாயா என்று பெயர். கழுத்தில் பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காதில் பட்டால் காது அடைக்கும், வியர்த்த உடம்பில் பட்டால் வாயே கோணிவிடும். இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மிலாதின் அளவுக்கு யாருக்கும் தெரியாது. ஜூலை மாத வெயிலில் பஸ்ஸில் யாராவது ஜன்னலைத் திறந்தால், எழுந்து போய் அவர்கள் தலைக்கு மேலே கையை நீட்டி மூடிவிட்டு வந்து உட்காருவான்.

நாங்கள் இருவரும் நாற்காலித் தொழிற்சாலையில், ஒரே வார்னிஷ் அறையில் வேலை செய்கிறோம். அவன் வார்னிஷ் அடிப்பான். நான் காய்ந்த நாற்காலிகளைத் துடைத்து அடுக்குவேன். வீட்டிலும் இதே மூஞ்சி, வேலையிலும் இதே மூஞ்சி. என்ன செய்வது, வாங்கி வந்த வரம்.

போன வசந்தத்தில் தெசாங்கா என்று ஒரு பெண் பாதுகாப்பு அதிகாரியாக வந்து சேர்ந்தாள். அதற்கு முன்பு எங்கள் ஊரில் பாதுகாப்பு என்றால், யாராவது விரலை வெட்டிக்கொண்ட பிறகு அந்த இடத்தில் ஒரு பலகை மாட்டுவது. இவள் தலைகீழ். ஒன்றும் நடப்பதற்கு முன்பே வந்து நின்று, "அக்கா, நாளைக்கு இந்த ரூம்ல யாராவது விழணும்னா எங்க விழுவாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அறையில் இருந்த அத்தனை பேரும் டக் டக்கென்று மரத்தைத் தட்டினோம். கெட்ட வார்த்தை காதில் விழுந்தால் மரத்தைத் தட்டுவது எங்கள் வழக்கம். நாற்காலித் தொழிற்சாலையில் மரத்துக்கா பஞ்சம்?

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் காப்பி குடித்தபடி எல்லாரும் கூடிப் பேச வேண்டும் என்றாள். பேசினோம். வழுக்கும் படியில் சொரசொரப்பான பட்டை ஒட்டினாள். ரம்பத்துக்கு மூடி போட்டாள். எல்லாருக்கும் முகமூடி கொடுத்தாள். மிலாதின் அதைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தாடியைப் பத்திரமாகப் பாதுகாத்தான். கடைசியில் எங்கள் அறைச் சுவரில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, எதிர்ச் சுவர் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாள்.

"இது எதுக்கும்மா?" என்றான் மிலாதின்.

"வார்னிஷ் ஆவி வெளியே போகணும் மாமா. அது தலைக்கு ஏறினா மயக்கம் வரும். வருஷக்கணக்கா சுவாசிச்சா மூளைக்கே கெடுதி."

"இருவது வருஷமா சுவாசிக்கிறேன். மூளைக்கு என்ன ஆச்சு?"

"அத என்கிட்ட கேளு, நான் சொல்றேன்," என்றேன். அறையே சிரித்தது.

தெசாங்காவின் முதுகு திரும்பியதுதான் தாமதம், ஜன்னல் மூடப்பட்டது. மறுநாள் விசிறியின் வாயில் மிலாதினின் கம்பளிச் சட்டை அடைத்திருந்தது. அவள் எடுத்தாள், இவன் அடைத்தான். "வார்னிஷால செத்தவன் ஒருத்தனக் காட்டு பாப்போம்! எங்க சித்தப்பா புரோமாயாவுல உக்காந்து வாய் கோணி, ஆறு மாசம் சூப்ப ஒரு பக்கமா குடிச்சாரு!" என்று கத்தினான். அறையில் இருந்தவர்கள் அவன் பக்கம். நியாயமாகச் சொன்னால் நானும் பாதி அவன் பக்கம்தான்.

ஜூன் மாதம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, மிலாதின் வார்னிஷ் அடித்துக்கொண்டே இருந்தவன் கையை நிறுத்தினான். என்னைப் பார்த்தான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கண் எங்கேயோ போய்விட்டது. முழங்கால் மடங்கியது. ஓடிப்போய் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தேன். இல்லையென்றால் நாற்காலி அடுக்கும் இரும்புச் சட்டத்தின் கூர் முனையில் நெற்றி மோதியிருக்கும். வெளியே இழுத்துப்போய்ப் புல்லில் போட்டோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான். திறந்ததும் அவன் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா?

"எந்தப் பாவி கதவத் திறந்து வச்சது? ஒரே புரோமாயா!"

அவனைத் தள்ளியது புரோமாயாதான் என்று எல்லாரும் முடிவு கட்டி, அன்று மாலைக்குள் அந்த அறையில் சாவித் துவாரத்தைக்கூட ஒட்டிவிட்டார்கள். மனுஷன் முட்டாள்தான், ஆனால் என் முட்டாள். அவன் இல்லாமல் யாரைத் திட்டிக்கொண்டு நான் காலம் தள்ளுவேன்? நேராகத் தெசாங்காவிடம் போனேன்.

"இந்தாம்மா, ஆவி மூளை எல்லாம் அவன்கிட்ட எடுபடாது. காத்து வரணும். ஆனா வர்றது அவனுக்குத் தெரியக் கூடாது. அப்படி ஏதாவது பண்ண முடியுமா?"

"முடியும் அக்கா. ஆனா சொல்லாம பண்றது சரியில்ல. தெரிஞ்சு பண்ணாத்தான் பாதுகாப்பு."

"சொன்னா அடைச்சிடுவான். அடைச்சா விழுவான். அப்புறம் யாருகிட்ட சொல்லுவ?"

அவள் அரை மனதோடு ஒத்துக்கொண்டாள். ஆகஸ்டில் தொழிற்சாலைக்கே விடுமுறை. எல்லாரும் ஊருக்குப் போயிருந்தபோது ஆள் வைத்து வேலையை முடித்தாள். கூரையடியில் நீளமாக ஒரு துணிக்குழாய். அதன் ஆயிரம் பொடி ஓட்டை வழியே வெளிக்காற்று பூப்போல இறங்கும், குளிர்காலத்தில் சூடாகவே இறங்கும். ஆவி கனமானது, தரையோடு கிடக்கும் என்பதால், அதை உறிஞ்சித் தள்ளச் சுவர் அடியில் ஒரு விசிறி, அதற்கு முன்னால் கம்பி வலை. ஜன்னல் எல்லாம் இறுக்க மூடியபடியே இருந்தது. மேலே என்ன குழாய் என்று கேட்டவர்களிடம் ஹீட்டர் என்று சொன்னோம்.

இலையுதிர் காலம் வந்தது. மிலாதினுக்குத் தலைவலி போய்விட்டது. இரவுச் சாப்பாட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். "பாத்தியா ராதுங்கா? ஜன்னல ஒழுங்கா மூடினதுலேர்ந்து தல எவ்வளவு தெளிவா இருக்கு!" என்று தினமும் சொல்லுவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சூப் ஊற்றுவேன். தோற்றதுபோல நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

இது இப்படியே போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை எங்கள் அறையில் கூட்டம். பசை அறையிலிருந்து ஸ்தமேனா எழுந்து, தன் ஆட்களுக்கும் தலைசுற்றல் இருக்கிறது என்றாள். தெசாங்கா வாயைத் திறப்பதற்குள் மிலாதின் எழுந்தான், அமைச்சர் மாதிரி தொண்டையைச் செருமினான்.

"எங்களப் பாருங்க. எல்லா ஜன்னலையும் அடைச்சோம். மயக்கமா? ஒருத்தருக்கும் இல்ல! நீங்களும் அடைங்க. இண்டு இடுக்கு விடாம அடைங்க."

"இன்னிக்கே அடைச்சிடறோம்!" என்றாள் ஸ்தமேனா.

தெசாங்காவின் முகம் வெளுத்தது. பசை அறையில் துணிக்குழாயும் கிடையாது, கம்பி வலையும் கிடையாது. இருக்கும் ஜன்னல் ஒன்றுதான் அவர்களுக்கு உயிர். இவன் ஒருத்தன் விழுந்தபோது பிடிக்க நான் இருந்தேன். அங்கே யார் இருக்கிறார்கள்?

"ஸ்தமேனா, உக்காரு," என்றேன். துடைக்கிற மெல்லிய காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, சுவர் அடியில் இருந்த கம்பி வலைக்கு முன்னால் பிடித்தேன். காகிதம் விருட்டென்று பறந்து வலையில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றைத் துணிக்குழாய்க்குக் கீழே பிடித்தேன். அது ஆடியது.

"மிலாதின், ஆகஸ்ட்லேர்ந்து நீ புரோமாயாலதான் நிக்கிற. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். அதான் உன் தல தெளிவா இருக்கு."

அவன் கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது.

"அதானே பாத்தேன்!" என்று அலறினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் அவன் கழுத்து நிஜமாகவே பிடித்துக்கொண்டது. இரண்டு மாதமாகப் பிடிக்காத கழுத்து, தெரிந்ததும் பிடித்துக்கொண்டது!

வீட்டில் ராக்கியாச் சாராயம் ஊற்றித் தேய்த்துவிட்டேன். பாதியைக் கழுத்துக்குக் கொடுத்தான், பாதியை வாய்க்குக் கொடுத்தான். என்னோடு பேசியது ஒரே பேச்சு. "என்னப் பைத்தியக்காரனாக்கிட்டீங்கல்ல? நாளைக்கு அந்த வலைய அடைச்சிட்டுத்தான் மறுவேல." எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவ்வளவு கூட்டத்தில் மானம் போன ஆம்பளை, வீம்புக்காகவே செத்தாலும் சாவான்.

காலையில் அவனுக்கு முன்னால் போய்விடலாம் என்று ஓடினேன், ஆனால் அவன் அதற்கும் முன்னால் போயிருந்தான். நாற்காலிக்குப் போடும் தடித்த மெத்தை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பி வலைக்கு எதிரே, கழுத்து ஒரு பக்கம் கோணியபடி நின்றான். வாசலில் தெசாங்கா.

"அடைக்காத மிலாதின்," என்றேன். "உன்ன ஏமாத்தினது தப்புதான். ஆனா நீ மறுபடி விழுறதப் பாக்க என்னால முடியாது. சத்தியமா முடியாது."

அவன் மெத்தையைத் தூக்கினான். தன் பிடரியில் வைத்து, ஒரு கயிற்றால் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். பார்க்கச் சகிக்கவில்லை.

"வாய் கோணினா சூப்ப ஒரு பக்கமா குடிச்சுக்கலாம்," என்றான். "அன்னிக்குப் புல்லுல கண்ணத் தொறந்தப்ப நீ என் இடுப்பு வார இன்னும் விடாமப் பிடிச்சிட்டிருந்தத நான் பாத்தேன்டி. பாக்கலன்னா நெனச்ச? போ, போய் விசிறி சுவிட்சப் போடு."

பிறகு தெசாங்காவைப் பார்த்து, "பசை ரூமுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடும்மா," என்றான். "ஆனா சொல்லிட்டுப் போடு."

முகமூடியைத் தாடையிலிருந்து மூக்குக்கு ஏற்றினான். சுவிட்சைப் போட்டுவிட்டு நான் நாற்காலி துடைக்கப் போனேன். கண்ணில் நீர் நிற்காமல் வந்தது. வார்னிஷ் நெடி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அறையில்தான் நெடியே இல்லையே.