ஜாடி பேசும் வீடு

கொழிஞ்சாம்பாறையில் ரசக்காரர் வீடு என்றால் பஸ் கண்டக்டர்கூட எங்கள் வாசலில் இறக்கிவிடுவார். பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்தை மூன்று தலைமுறையாகச் செய்கிற வீடு. சுற்றுவட்டாரத்தில் பதினாறு மாதா கோயில்களின் பலிபீடத்துக்கு எங்கள் ரசம்தான் போகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டும்.

நாங்கள் ரசத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. ஜாடியில் காது வைத்துக் கேட்போம். பிழிந்த இரண்டாம் நாள் உள்ளே பொரிகிற சத்தம் எழும். அது அடங்கினால் வடிகட்டலாம். காது வைப்பது ஆண்களின் வேலை என்று ஒரு வழக்கம். 1975இல் என் வீட்டுக்காரர் மரியஜோசப் இறந்ததும் கொழுந்தனார் சூசைமாணிக்கம் வந்தார். ஜாடி அறையில் நெல் கிடங்கு போட அவருக்கு வெகுநாள் ஆசை.

"பொம்பளைக்கெல்லாம் ஜாடி பேசாதுங்க அண்ணி. உட்டுப்போட்டு சும்மா உக்காருங்க."

கோயில்களுக்கெல்லாம் தலைமையான ஆயர் இல்லமும், இந்தக் கிறிஸ்துமஸ் ரசத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்து எங்களிடம் வாங்குவதா என்று முடிவு செய்வோம் என எழுதிவிட்டது.

வடகரப்பதி குப்பண்ணன் தோட்டத்துப் பழம் வந்தது. ஒன்பது ஜாடி பிழிந்தேன். இரண்டாம் நாள் காது வைத்தேன், சத்தமில்லை. மூன்றாம் நாளும் இல்லை. நான்காம் நாள் கொழுந்தனார் சொன்னது உண்மைதானோ என்று பயந்து அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு வேலுத்தாய் சர்க்கரையும் கோதுமையும் போடச் சொன்னாள். கேக்கோடு குடிக்கிற வைனுக்கு அது சரி. பலிபீடத்து ரசத்தில் திராட்சையைத் தவிர எதுவும் சேரக்கூடாது.

கோளாறு பழத்தில் இருக்குமோ என்று தோன்ற, கண்ணைத் துடைத்துக்கொண்டு வடகரப்பதிக்குப் போனேன்.

"ஏனுங்க குப்பண்ணா, பழத்தை என்னங்க பண்ணுனீங்க?"

"உங்க ஊட்டுக்காரரு போன பொறகு மொதப் பழமுங்களே அம்மிணி. சாமி காரியம் நல்லா நடக்கோணும்னு நானும் குளிச்சுப்போட்டு, பழத்தையும் மஞ்சத்தண்ணியில மூணு தடவ அலசி அனுப்புனனுங்க."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. திராட்சைத் தோலில் சாம்பல் பூத்தாற்போல ஒரு படிவு இருக்கும். ரசத்தைப் பொங்க வைப்பதே அதுதான். மனிதர் அதைத் துளி விடாமல் கழுவியிருக்கிறார்.

"இனிமே நீங்க மட்டும் குளிங்க. பழத்தக் குளிக்க வெக்காதீங்க."

விஷயம் புரிந்ததும் அவர் பதறிப்போனார். பழுக்கவில்லை என்று பந்தலின் வடக்கு மூலையில் விட்டிருந்த கொத்துகள் அதற்குள் கறுத்திருந்தன. தானே அறுத்து, தூசியோடு ஒரு கூடை நிரப்பி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தார். கழுவாமல் பிசைந்து ஒன்பது ஜாடிக்கும் பங்கிட்டேன். சேர்த்ததும் திராட்சைதான், விதி மீறவில்லை.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் காது வைத்தேன். கடுகு பொரிகிற மாதிரி மெல்ல ஒரு சத்தம். ஒன்பது ஜாடியிலும் கேட்டேன், ஒன்பதும் பேசின. கொழுந்தனாருக்கு ஆள் அனுப்பினேன்.

"வந்து காது வைங்க தம்பி."

குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நெல் கிடங்குப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த ஆண்டும் பதினாறு கோயிலுக்கும் எங்கள் ரசமே. உறையின் மேல் முதல் தடவையாக என் பெயர்: செபமாலையம்மாள், ரசக்காரர் வீடு. கொழுந்தனாரைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தார். போதாது என்று மூன்றாம் தடவையும் படிக்க வைத்தேன்.