நாய்க்குடைக் குழம்பு

“என்ன கொழம்பு?” என்று சட்டியை எட்டிப் பார்த்தார் என் மாமியார் வள்ளியாத்தாள்.

“நாய்க்குடைக் கொழம்பு அத்தை” என்றேன். சோற்றில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சென்னிமலை தட்டைத் தள்ளி வைத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து எருமப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாக ஆகவில்லை. கோழிப்பண்ணைக்குப் பின்னால் கறையான் புற்றில் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்ததைப் பார்த்ததும், அம்மா வீட்டுக்கே போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து ஆசை ஆசையாக வைத்த குழம்பு.

“நாய் காலத் தூக்குன எடத்துல மொளைக்கறதுதான் நாய்க்கொடை. தின்னா ஆளே போயிரும். தெரியாதா உனக்கு?” என்றார் வீட்டுக்காரர்.

“எங்க ஊர்ல எல்லாத்துக்குமே அந்தப் பேருதாங்க. மழையில நாய்கூட ஒதுங்கட்டும்னு மொளைக்குதுன்னு எங்கப்பா சொல்வாரு. இது புத்துல வந்தது.”

“புத்துல வந்தா புத்துக்காளான்னல்ல சொல்லோணும்?” மாமியாரின் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. “அம்மா ஊட்டுக்கு அனுப்பமாட்டேன்னு நேத்துத்தான் இவன் சொன்னான். இன்னைக்கு நாய்க்கொடை வெச்சிருக்கறா.”

அடப்பாவிகளா! நறுக்கிப் போட்ட நீள வேர்களை அடுப்பங்கரையிலிருந்து அள்ளி வந்து காட்டினேன். புற்றுமண் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புத்துக்காளானாட்டத்தான் இருக்குது” என்றார். தட்டை மட்டும் இழுக்கவில்லை. அவர்கள் எதிரிலேயே சோற்றில் ஊற்றிப் பிசைந்து நான் தின்றேன். தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“முறிப்பு மருந்து தின்னுட்டு வந்திருந்தா?” மாமியார் மெதுவாகத்தான் கேட்டார். என் காதில் நன்றாக விழுந்தது.

வீட்டுக்காரர் எழுந்து, குழம்புச் சோற்றை ஒரு கை பிசைந்து வாசலில் நாய்க்கு வைத்தார். பொழுது சாயும்வரை இருவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது காதைச் சொறிந்தது, ஒரு கோழியைத் துரத்தியது, தூங்கி எழுந்து வந்து வாலாட்டியது. என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேர் முன்னால் அள்ளி அள்ளித் தின்றவள் நான். அவர்களுக்கு நாய்தான் சாட்சி.

“நாய்க்கு ஒண்ணும் ஆவலீங்கம்மா!” வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்து தட்டை இழுத்தார். “போடு கண்ணாத்தா, பசி உசிரு போவுது.”

சட்டியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி வாசலுக்கு வந்தேன்.

“நாய்க்குடைதானுங்க? நாயே தின்னட்டும்.”

மொத்தத்தையும் கவிழ்த்தேன். நாய் வாலைச் சுழற்றிக்கொண்டு தின்றது. அவர் வெறும் சோற்றுத் தட்டோடு நிலைப்படியில் வந்து நின்றார்.