போட்டு வா

என் கணவர் பேரின்பநாதன் சைக்கிள் பந்தயம் ஓடுவது, தான் வெல்வதற்கல்ல, இன்னொருவனை வெல்ல வைப்பதற்கு. இதை எனக்கு விளங்கப்படுத்த ஒரு கோடை முழுவதும் பாடுபட்டார். விளங்கிய பிறகும் என் எரிச்சல் போகவில்லை.

விஷயம் இதுதான். முன்னால் போகிறவன்தான் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு அவ்வளவு களைப்பில்லை. மொன்றியலில் எங்கள் வில்லரே சைக்கிள் கழகத்தின் வேகக்காரன் லூக். துறைமுகக் களஞ்சியத்தில் இவரோடு பெட்டி ஏற்றுகிற கியூபெக் பெடியன். மற்றவர்கள் முறை வைத்து அவனைக் காற்றுப் படாமல் கடைசிச் சுற்று வரை கூட்டி வருவார்கள். அதன் பிறகு இவர். உயிரைக் கொடுத்து மிதித்து, முடிவுக்கோடு கிட்டவும் லூக்குக்கு வழிவிட்டு விலத்த வேண்டும். அவன் பாய்ந்துபோய்க் கையைத் தூக்குவான். இவர் எல்லோருக்கும் பின்னால் உருண்டு வந்து சேருவார். படம் எடுக்கிறவன் அதற்குள் கமெராவை மூடிவிடுவான்.

"உங்களுக்கு ரோசமே இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் விலத்தேக்கையே அவன் வெண்டிட்டான் எண்டு எனக்குத் தெரியும். அது அவனுக்கே தெரியாது. எனக்கு அது காணும்."

மொன்றியலுக்கு அகதியாக வந்த பிறகு இந்த மனிசன் சிரித்து நான் பார்த்தது சைக்கிளை விட்டு இறங்கும்போது மட்டும்தான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் வந்தது வினை. எப்போது முழுமூச்சாக மிதிக்க வேண்டும் என்பதைப் பின்னால் வரும் லூக்தான் கத்திச் சொல்வான். வழக்கமாக இங்கிலீஷில் 'கோ' என்பான். அன்றைக்குக் கடைசி வளைவில், அவசரத்தில் தன் மொழியில் "வா!" என்று கத்திவிட்டான். பிரெஞ்சில் வா என்றால் போ. களஞ்சியத்தில் நாள் முழுக்க அதைக் கேட்கிறவர்தான். இருந்தும் அந்த நேரம், தமிழில் தன்னைத்தான் வரச் சொல்கிறான் என்று மிதிப்பதைத் தளர்த்தித் திரும்பிப் பார்த்திருக்கிறார். லூக் இவருடைய பின்சில்லில் மோதாமல் தப்பியதே பெரிய காரியம். பந்தயம் போயிற்று.

"மூச்சு வாங்கேக்கை காதுக்குத் தமிழ்தான் விளங்குது, குணேஸ்," என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பயிற்சியாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: அடுத்த செவ்வாய்க்கிழமை லசீன் பந்தயத்துக்கு, பிரான்சின் ஒரு தொழில்முறை அணியிலிருந்து லூக்கைப் பார்க்க ஆள் வருகிறது. இன்னொரு பிழை விட்டால், லூக்குக்கு முன்னால் ஓட இனி வேறு ஆள்.

அன்று பின்னேரம் லூக் எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டான். அவசரத்தில் தன் வாயில் பிரெஞ்சுதான் வரும், என்ன செய்யலாம் என்று கேட்டான். "தமிழிலை போ எண்டு கத்தச் சொல்லுவம்," என்றார் இவர்.

நான் அகப்பையைத் தட்டில் அடித்தேன். "வெறும் போ எண்டு என்ரை வீட்டிலை ஒருத்தரும் சொல்லப்படாது!"

என் தம்பி விமலநாதன் யாழ்ப்பாணத்தில் ஒருநாள் "கடைக்குப் போறன்" என்று படியிறங்கினவன். அவசரத்தில் நானும் "போ" என்றேன். அவன் திரும்பி வரவேயில்லை. "வெளிக்கிடுற ஆளைப் போட்டு வா, போய்த் திரும்பி வா எண்டுதான் அனுப்பிறது. வரோணும். அதுதான் முக்கியம்."

இவர் அதைத் தம்பியின் கதையோடு சேர்த்து அரைகுறை இங்கிலீஷில் லூக்குக்குச் சொன்னார். அவன் சாப்பாட்டை மறந்து என்னையே பார்த்தான். பிறகு மெதுவாக, "போட்டு... வா?" என்றான். அதன் கடைசியில் தன்னுடைய பிரெஞ்சு 'வா'வும் இருப்பதைக் கண்டு மேசையில் அடித்துச் சிரித்தான். இவருக்குப் போ, அவனுக்கு வா. இரண்டு பேருக்கும் ஒரே சேதி: போ.

செவ்வாய்க்கிழமை லசீனில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வளைவில் கூட்டத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்டது: "போட்டு வா!"

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, சைக்கிள் இரண்டு பக்கமும் ஆட மிதித்தார். என் கண் முன்னால்தான் விலத்தினார். அந்த இடைவெளிக்குள்ளால் லூக் பாய்ந்து போனான், கையைத் தூக்கினான். கமெரா மூடிய பிறகு, வாயெல்லாம் பல்லாக என் புருஷன் உருண்டு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அழுதே விட்டேன்.

பிரான்ஸ்காரர் லூக்கை எடுத்தார்கள். அவனை இழுத்துவந்த மனிசனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு நாக்குத் துடித்தது. இவர் கண்ணால் அடக்கிவிட்டார்.

இலையுதிர் காலத்தில் மிராபெல் விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனோம். சைக்கிள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு இவர் முன்னால் போனார், சனத்தை விலக்கிக்கொண்டு. பின்னால் லூக். கண்ணாடிக் கதவடியில் பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு இவர் ஓரமாக விலத்தினார். லூக் தயங்கி நின்றான்.

"போட்டு வா!" என்று இந்த முறை கத்தினது என் புருஷன்.

லூக் சிரித்தான். பந்தயத்தில் போலவே தலையைக் குனிந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"வருவான், யோசியாதேங்கோ," என்றேன்.

இவர் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவனுக்குக் கடைசிச் சொல்லுத்தான் கேட்டிருக்கும், குணேஸ். அதுவும் அவன்ரை பாஷையிலை."