எட்டு முப்பத்தைந்து வண்டி

காரைக்கால் பேருந்து நிலையத்தில் பாலகுருவின் கடையைத் தெரியாதவர் கிடையாது. ஒரு காலத்தில் அது எஸ்.டி.டி. பூத். பார்வையில்லாதவர் என்று அரசாங்கம் பார்த்துக் கொடுத்த இடம். அந்தக் காலம் போய் இப்போது ரீசார்ஜ், ஜெராக்ஸ், தண்ணீர் பாட்டில். ஆனால் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் எதுவும் வாங்க வருவதில்லை. "அண்ணே, நெடுங்காடு வண்டி எப்போ?" "திருநள்ளாறு போயிடுச்சா?" என்று கேட்கத்தான் வருவார்கள். இருபது வருஷமாக எல்லா வண்டியின் நேரமும் அவருக்கு மனப்பாடம். கடிகாரம் தப்பினாலும் பாலகுரு தப்பமாட்டார் என்று நிலையத்தில் ஒரு பேச்சே உண்டு.

அப்பேர்ப்பட்டவர் நஜீபாவுக்குத் தப்பான நேரம் சொல்லிவிட்டார்.

நஜீபா திருமலைராயன்பட்டினத்துப் பெண். கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டாம் ஆண்டு. பட்டினத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு வண்டி, அங்கிருந்து நெடுங்காடு வண்டி பிடித்துக் கல்லூரிக்கு. அன்றைக்கு வெப் டிசைன் பாடத்தில் இன்டெர்னல் டெஸ்ட். எட்டரைக்கு வந்து இறங்கியவள் வழக்கம்போல் பாலகுருவிடம் கேட்டாள்.

"எட்டு அம்பதும்மா. இருவது நிமிஷம் இருக்கு. உக்காந்து படி."

உட்கார்ந்து படித்தாள். தலையைத் தூக்கவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது. அதுதான் அவள் வண்டி. அடுத்தது ஒன்பது நாற்பதுக்கு. அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பாடம் எடுக்கிற நெடுமாறன் சார் கறார் பேர்வழி. மறுபரீட்சை கிடையாது, மார்க் பூஜ்யம் என்று சொல்லிவிட்டார். மீதி இருப்பது ப்ராஜெக்ட் ஒன்றுதான். அதுவும் போனால் அந்தப் பாடமே போச்சு.

சாயங்காலம் வந்தவள் கடை வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள். "ஒங்களாலதான் அண்ணே எனக்கு முட்டை! எட்டு அம்பதுன்னு எந்த நம்பிக்கைல சொன்னீங்க?"

பாலகுரு வாயைத் திறக்குமுன் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த செல்லம்மா முந்திக்கொண்டாள். "இன்னிக்கிலேருந்து நேரத்தையெல்லாம் மாத்திட்டாங்க புள்ள. அதோ எம்மாம் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு வச்சிருக்கான் பாரு. இவரு சொல்றது பழங்கணக்கு. இனிமே போர்டப் பாத்துக்க." சொன்னதோடு விட்டாளா? அந்தப் பக்கம் போன இரண்டு பேரிடமும் அதையே சொன்னாள்.

பாலகுரு மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டில்களைத் தடவித் தடவி நேராக்கினார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. "போர்டு வச்சிருக்கான்னு எங்கிட்ட யாரும் சொல்லலியேம்மா" என்றார்.

நஜீபாவுக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் அந்த மனுஷனை நிற்கவைத்துக் கேட்டுவிட்டோமே என்று இருந்தது. யோசிக்காமல் பேசுவது அவள் சுபாவம். நல்லதைப் பேசும்போதும் அப்படித்தான்.

"அண்ணே, எனக்கு ப்ராஜெக்ட் இருக்கு. சொந்தமா ஒரு வெப் பக்கம் எழுதணும். அந்தப் போர்டுல உள்ள அத்தனை நேரத்தையும் அதுல ஏத்திடுறேன். ஒங்க போனு வாய்விட்டுப் படிக்குமுல்ல? அதுவே ஒங்களுக்குச் சொல்லிடும். இது என் வாக்கு."

வாக்குக் கொடுப்பது சுலபம். நெடுமாறன் சாரிடம் பக்கம் எழுதுவதல்லவா கஷ்டம்! படத்தை இழுத்துப் போட்டால் பக்கம் தயார் என்கிற ரெடிமேட் சமாச்சாரம் எதுவும் அவரிடம் செல்லாது. வெறும் நோட்பேடைத் திறந்து, ஒவ்வொரு குறியையும் கையால் அடிக்க வேண்டும். தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, திறந்ததை மூடவும் ஒரு குறி. எழுதி முடித்ததை வேலிடேட்டரில் போட வேண்டும். உலகத்துக்கே பொதுவான விதிப்படி பக்கம் இருக்கிறதா என்று அது சோதித்துச் சொல்லும். ஒரு எரருக்கு ஒரு மார்க் வெட்டு.

நஜீபா முதலில் தமிழில்தான் அடித்துப் பார்த்தாள். சேவ் பண்ணித் திறந்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறி. நெடுங்காடு கேள்விக்குறி, திருநள்ளாறு கேள்விக்குறி. லேப் கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஆகாது போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். விட்டாளா? போனில் உட்கார்ந்து, ஊருக்கொரு கலராக, பூப்போட்ட ஓரம் வைத்து, நேர அட்டவணைகளைப் படமாகவே செய்தாள். நம்மூரில் கல்யாணமானாலும் கந்தூரியானாலும் காதுகுத்தானாலும் ஃப்ளெக்ஸ்தானே? அவளும் அதைத்தான் செய்தாள். நாலு படத்தையும் பக்கத்தில் ஏற்றினாள்.

வேலிடேட்டர் நாலு எரர் சொன்னது. பார்க்க முடியாதவர்களுக்காக, படத்தில் இருப்பதை 'ஆல்ட்' என்ற இடத்தில் வார்த்தையாக எழுத வேண்டும், அது எங்கே என்று கேட்டது.

இங்கேதான் ரெக்கார்டு நோட்டு வந்து கெடுத்தது. அந்தத் துறையில் ரெக்கார்டு நோட்டு எழுதுவதென்றால் போன வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதுவது. போன வருஷத்துக்காரர்கள் அதற்கு முந்தின வருஷத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள். அப்படிக் கைமாறி வந்த நோட்டில், எந்தக் காலத்து மகானோ பென்சிலில் ஓரமாக எழுதிவைத்த உபாயம் ஒன்றும் கூடவே வந்தது: 'ஆல்ட் கேட்டால் இரண்டு மேற்கோள் குறி மட்டும் போடு, உள்ளே ஒன்றும் வேண்டாம், எரர் போய்விடும்.'

தோழி ஜஸீலா அதைக் காட்டினாள். நஜீபா போட்டாள். எரர் போய்விட்டது. வகுப்பிலேயே முதல் ஜீரோ எரர்! நெடுமாறன் சார் திரையில் எரர் இல்லை என்று வந்த பச்சை வரியைப் பார்த்தார், டிக் அடித்தார், "வெரி குட்" என்றார். நஜீபாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலகுருவின் கடைக்கு நடந்து போகவில்லை, பறந்து போனாள்.

"அண்ணே, லிங்க் அனுப்பிட்டேன். தொறங்க!"

செல்லம்மா பூவை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். ரீசார்ஜுக்கு நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலகுரு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனை எடுத்தார். விரலால் தள்ளினால் அடுத்த வரியை அது படிக்கும். தள்ளினார். "காரைக்கால் பஸ் டைமிங்ஸ்" என்று இங்கிலீஷில் தலைப்பைச் சொன்னது. மறுபடி தள்ளினார். "நஜீபா, செகண்ட் இயர்" என்றது. மறுபடி தள்ளினார். டொக் என்றொரு சத்தம். பக்கம் முடிந்துவிட்டது.

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். தலைப்பு, நஜீபா, டொக்.

"அவ்வளவுதானாம்மா?"

நஜீபா எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு நாலு அட்டவணையும் பளபளவென்று தெரிந்தன, பூப்போட்ட ஓரத்தோடு. போனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. இந்தப் படத்தில் சொல்ல எதுவுமில்லை, தாண்டிப் போ என்று அவளே நாலு தடவை அதற்கு எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டு மேற்கோள் குறிக்கு அர்த்தம் அதுதான்.

"பரவால்ல தங்கச்சி" என்றார் பாலகுரு. "அந்த போர்டும் இப்புடித்தான். எல்லாருக்கும் இருக்கு. எனக்குத்தான் இல்ல."

அவர் வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். யா அல்லாஹ், என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அந்தச் சுரைக்காயை ஜீரோ எரரோடு விளைவித்துக்கொண்டு வந்து நின்றாள் பெண்.

சனிக்கிழமை காலையில் நெடுமாறன் சார் முன்னால் போய் நின்றாள். "சார், என் ப்ராஜெக்ட்ட வாபஸ் வாங்கிக்கிறேன்."

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஏம்மா, ஜீரோ எரர் வந்த பக்கத்தை யாராவது வாபஸ் வாங்குவாங்களா? டெஸ்டுல வேற முட்டை வாங்கி வச்சிருக்க."

"எரர் இல்ல சார். ஆனா பக்கத்துல ஒண்ணுமே இல்ல சார்." நடந்ததைச் சொன்னாள். மேற்கோள் குறி உபாயத்தையும் மறைக்கவில்லை.

சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நானும் பச்சை வரியத்தான் பாத்தேன். பக்கத்தைப் பாக்கல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். ஆனால் கறார் கறார்தான். "திங்கக்கிழமை நாலு மணி. அதுக்குள்ள வரலேன்னா பூஜ்யம். வந்தாலும் எரருக்கு எரர் வெட்டுவேன். யோசிச்சுக்க. டிக் அடிச்சது டிக் அடிச்சதா இருக்கட்டும்னாலும் சரி."

"யோசிச்சுட்டேன் சார்."

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். இந்த முறை எவரையும் பார்த்து எழுதவில்லை. படம் வேண்டாம், நிஜமான அட்டவணை. எது ஊர்ப் பெயர், எது காலை, எது மாலை என்று தலைக்கட்டங்களுக்குத் தனிக் குறி. பக்கத்தின் முதல் வரியிலேயே இது தமிழ் என்று ஒரு அறிவிப்பு, போன் தமிழை இங்கிலீஷ் நாக்கால் கடித்துத் துப்பாமல் இருக்க. '8.35' என்று போட்டால் புள்ளி, புள்ளி என்று படித்துத் தொலைக்கும். அதனால் போர்டிலிருந்த நாற்பத்தாறு நேரத்தையும் '8 மணி 35' என்று நீட்டி எழுதினாள். மதியம் சாப்பிடக் கூப்பிட வந்த உம்மா மெஹர் பானு எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, பஸ் கம்பெனி ஆரம்பிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை லேபில் அத்தனையையும் அடித்தாள். தமிழ் மறுபடி கேள்விக்குறி. இந்த முறை அவள் விடுவதாக இல்லை. சேவ் பண்ணும் பெட்டியை அணு அணுவாகப் பார்த்தாள். அடியில், கண்ணில் படாத மூலையில், எழுத்தை எந்த முறையில் சேமிப்பது என்று ஒரு சின்னப் பட்டியல். அதில் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கிற யு.டி.எஃப்.-8ஐத் தேர்ந்தெடுத்தாள். திறந்தால், நெடுங்காடு! முழுசாக, கொம்போடும் காலோடும் நெடுங்காடு! இத்தனை வருஷத்து நோட்டில் இதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அந்த வரிசையில் எவரும் ஒரு தமிழ் எழுத்தைக்கூட அடித்துப் பார்த்ததில்லை, அப்புறம் எங்கே எழுதுவது?

வேலிடேட்டரில் போட்டாள். அறுபத்தொரு எரர்.

"போச்சுடி" என்றாள் ஜஸீலா. "பேசாம பழசையே குடுத்துடு."

"வாய மூடுடி" என்றாள் நஜீபா. மணி இரண்டே கால்.

மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் அட்டவணையில் ஒரு கட்டத்தை மூடாமல் விட்டிருந்தாள். மூடினாள். முப்பத்தெட்டு எரர் ஒரே அடியில் செத்து விழுந்தது. "ஹா!" என்று அவள் போட்ட சத்தத்தில் லேபே திரும்பியது. இருபத்து மூன்று. பதினொன்று. நாலு. மூன்றரை மணிக்கு ஒன்று. அந்த ஒன்று அவளைத் தண்ணி குடிக்க வைத்தது. திருநள்ளாறு வரிசையில் ஒரு கட்டம் கூடுதல். எண்ணி எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்து அழித்தாள். மூன்று ஐம்பதுக்குப் பச்சை வந்தது.

நெடுமாறன் சார் வந்தார். இந்தத் தடவை பச்சை வரியை ஒரு பார்வைதான் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவள் எழுதிய குறிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அப்புறம் ஜஸீலா கையிலிருந்த அந்தப் பழைய நோட்டை வாங்கி, பென்சில் எழுத்தைச் சிவப்பு மையால் அடித்தார். "முழு மார்க்கு" என்றார். "இனிமே எல்லாருக்கும் இந்தப் பக்கம்தான் மாதிரி."

நஜீபாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் மார்க் போட வேண்டியவர் இன்னொருவர் பேருந்து நிலையத்தில் இருந்தார்.

ஐந்தரைக்குக் கடை வாசலில் போய் நின்றாள். இந்த முறை கத்தவில்லை. "அண்ணே, திரும்ப ஒரு தடவ தொறக்குறீங்களா?"

பாலகுரு போனைக் காதோடு வைத்துக்கொண்டார், மற்றவர்கள் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல. தள்ளினார். தமிழில் தலைப்பு வந்தது. தள்ளினார். "நெடுங்காடு. காலை. ஏழு மணி இருபது." அவர் முகம் மாறியது. சத்தத்தைக் கூட்டிப் போனை மேஜைமேல் வைத்தார். தள்ளினார். "நெடுங்காடு. காலை. எட்டு மணி முப்பத்தைந்து."

விரல் நின்றது. பின்னால் தள்ளி அதையே இன்னொரு தரம் கேட்டார்.

"எட்டு முப்பத்தஞ்சு" என்று தானும் சொல்லிப் பார்த்தார். "பதினஞ்சு நிமிஷம் முன்னால இழுத்துட்டானா! அதாம்மா அன்னிக்கு ஒன்ன ஏமாத்திட்டேன்."

அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. நெடுங்காடு, திருநள்ளாறு, பட்டினம், நாகூர் என்று நாற்பத்தாறு நேரத்தையும் வரிசையாகக் கேட்டார். உதடு கூடவே அசைந்தது. பட்டினத்து வரிசையை மட்டும் இரண்டாம் தடவை கேட்டார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த மண்டைக்கு அது போதும்.

நஜீபா இரண்டடி பின்னால் போனாள். செல்லம்மாவுக்குக் கேட்க வேண்டும், ரீசார்ஜுக்கு நிற்பவர்களுக்குக் கேட்க வேண்டும், முடிந்தால் அந்த ஃப்ளெக்ஸ் போர்டுக்கும் கேட்க வேண்டும். அன்றைக்குச் சண்டை போட்ட அதே குரலில் கேட்டாள்.

"அண்ணே! பட்டினம் வண்டி எப்போ?"

செல்லம்மா போர்டின் பக்கம் கையை நீட்டப்போனாள்.

"அஞ்சு அம்பத்திரண்டு" என்றார் பாலகுரு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "மூணாவது நடைமேடை. நாலு நிமிஷம் இருக்கு. ஓடாத, நடந்தே போ."

நஜீபா போனைப் பார்க்கவில்லை. போர்டையும் பார்க்கவில்லை. நாற்பத்தாறையும் கையால் எழுதியவளுக்கு அந்த நேரம் தெரியாதா என்ன? இருந்தாலும் அவர் சொன்னபடி நடந்தே போய் மூன்றாவது நடைமேடையில் நின்ற வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் அடித்தார். வண்டி நகர்ந்தபோது எட்டிப் பார்த்தாள். பூ வாங்க நின்ற யாரோ ஓர் அம்மாள் செல்லம்மாவிடம் எதையோ கேட்க, செல்லம்மா தலையைத் தூக்காமலே பாலகுருவின் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவர கேளுங்க. கரெக்டா சொல்லுவாரு."