மூன்று ராத்திரிக்குக் குறையாது

நான் பட்டன் வியாபாரி. சட்டைப் பட்டன், கோட்டுப் பட்டன், ஜிப்பு, கொக்கி எல்லாம் உண்டு. எங்கள் கடையில் பட்டனை அட்டையாகத்தான் கொடுப்போம், அட்டைக்குப் பன்னிரண்டு. "ரெண்டு மட்டும் போதும்" என்று வருகிறவர்களை அப்பா காலத்திலிருந்து ஒரே வாக்கியம் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறோம்: "அட்டையை வெட்டினா மிச்சத்த யாரு வாங்குவா?" இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் கொழுந்தியாள் இதை எடுத்து என் தலையில் போடப்போகிறாள். நானே முந்திக்கொண்டால் வலி கொஞ்சம் குறையும்.

கொழுந்தியாளுக்கு வீட்டில் தராசு என்று பட்டப்பெயர். சின்ன வயதில் அவள் அப்பா கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அந்த அம்மாவுக்கு நாடா ஒரு சாண் குறைச்சல்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் வளர்ந்து எடை அளவு ஆய்வாளர் வேலைக்குத் தேர்வு எழுதுகிறாள். கடைக்காரர்கள் குடும்பத்தில் பிறந்துவிட்டு, கடைகளைச் சோதனை போடும் உத்தியோகம்! வேறு எந்த வேலையும் அவள் கண்ணில் படவில்லை.

முதல் தடவை பஸ் தாமதமாகி, தேர்வுக் கூடத்தின் கேட்டை முகத்துக்கு நேராகச் சாத்திவிட்டார்கள். இரண்டாம் தடவை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது, இதுதான் கடைசி. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெளியூரில் தேர்வு, ஏழே முக்காலுக்கு கேட் மூடிவிடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் அங்கே போய்ச் சேர ஒன்பதாகிவிடும். ஆகவே சனிக்கிழமை ராத்திரி அங்கே தங்கியே ஆகவேண்டும்.

கூடத்துக்கு நேர் எதிரே ஓர் ஓட்டல். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாளும் வெவ்வேறு பதவிகளுக்குத் தேர்வு என்பதால் அந்த ஊரில் எங்கும் அறை இல்லை. அந்த ஓட்டலில் மட்டும் இருந்தது. கூப்பிட்டேன்.

"சனிக்கிழமை ஒரு ராத்திரிக்கு ரூம் வேணும்."

"வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு ராத்திரிக்குக் குறையாது சார்."

"மூணு ராத்திரி தூங்குற அளவுக்கு எங்க வீட்ல யாரும் களைச்சுப் போகலீங்க."

"மூணு ராத்திரிக்குக் குறையாது சார்."

மனிதனா, பதிவு செய்த குரலா என்று தெரியவில்லை. மூன்று தடவை பேசிப் பார்த்தேன். சந்தையில் பிறந்து வளர்ந்தவனுக்கு எதிராளி ஒரு சொல்கூட இறங்காமல் நிற்பதைப்போல அவமானம் வேறில்லை.

அப்போதுதான் என் பாயிண்ட் ஞாபகம் வந்தது. சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் இதே கம்பெனி ஓட்டல்களில்தான் தங்குவேன். எட்டு வருடமாகத் தங்கித் தங்கிச் சேர்த்த பாயிண்ட், காசுக்குப் பதில் அதைக் கொடுத்து அறை எடுக்கலாம். கோல்ட் மெம்பர் என்று கார்டுகூடக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாயிண்டை வைத்து, கடலைப் பார்த்த அறையில் ஒரு வாரம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இங்கே மூன்று ராத்திரி போனால் கடல் போச்சு. ஒரு ராத்திரி என்றால், கடலில் ஒரு நாள் குறையும், சமாளித்துவிடலாம்.

இரண்டு சாயங்காலம் அந்த வெப்சைட்டோடு மல்லுக்கட்டினேன். பாயிண்டுக்கும் அதே விதிதான், மூன்றுக்குக் குறைந்து புக் செய்ய விடவில்லை. ஆனால் புக் செய்தபின் தேதி மாற்றினால் அது எண்ணிப் பார்ப்பதில்லை! மூன்று ராத்திரிக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் ஞாயிறை வெட்டினேன், பாயிண்ட் திரும்பி வந்தது. பிறகு வெள்ளியையும் வெட்டினேன், அதுவும் வந்தது. நடுவில் சனி மட்டும் தனியாக மின்னிக்கொண்டு நின்றது. மனசாட்சி உறுத்தவில்லை என்று சொல்லமாட்டேன். உறுத்துகிறதா என்று நான் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் வாய் சும்மா இருக்காமல் தராசிடம் பெருமையாகச் சொன்னேன். கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"அத்தான், உங்க கடைல ரெண்டு பட்டன் கேட்டா குடுப்பீங்களா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அட்டையை வெட்டினா மிச்சம் விக்காதும்மா."

"அவங்களுக்கு மட்டும் மிச்சம் விக்குமா? வெள்ளியையும் ஞாயிறையும் தனித்தனியா யாரு வாங்குவா? நீங்க அட்டைய முழுசா வாங்குற மாதிரி வாங்கி, கடைக்கு வெளிய போய் ரெண்ட பிச்சுக்கிட்டு, மிச்சத்த கல்லாவுல வெச்சுட்டு வந்திருக்கீங்க."

"ஏம்மா, அவங்க விதி நியாயமா? ஒரு ராத்திரி தூங்குறவங்க மூணு ராத்திரிக்கு அழணுமா?"

"நியாயமில்லதான். அத கேட்டுச் சண்ட போட்டிருக்கலாம்ல?"

"போட்டேன். எதிர்ல ஆளே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. யாருக்காக இத்தனை பாடு? இவளுக்காகத்தானே!

மத்தியானம் இரண்டரைக்கு ஓட்டல் கவுண்டர் முன் நின்றோம். கவுண்டரில் ஓர் இளம்பெண், சட்டையில் பயிற்சிப் பணியாளர் என்று பட்டை. திரையைப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"மூணு நாள் புக்கிங் ஒரு நாளா ஆயிருக்கே சார்?"

இதற்கென்றே ஒரு கதை வைத்திருந்தேன். சித்தப்பாவுக்குத் திடீரென்று நெஞ்சுவலி. "அது ஒண்ணுமில்லம்மா, எங்க சித்தப்பா..."

"அத்தானுக்கு சித்தப்பாவே கிடையாது" என்றாள் தராசு. "ஒரு ராத்திரிதான் வேணும். எனக்கு நாளைக்கு எதிர்ல பரீட்சை, இதான் கடைசி வாய்ப்பு. மூணு போட்டுட்டு ரெண்ட கழிச்சுட்டாரு. தப்புதான்."

எனக்குத் தரைக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. கவுண்டர்ப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, நம்பமாட்டீர்கள், சிரித்தாள்.

"எங்க அக்காவும் இந்தப் பரீட்சைய மூணு தடவ எழுதினாங்க. பரவால்ல, நான் ஒண்ணும் பாக்கல. கையெழுத்து போடுங்க." சாவி அட்டையை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள்.

முடிந்தது. கையை நீட்டி எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் எங்கள் கடைத்தெருவில் ஒரு வியாதி உண்டு. விலை படிந்து, பொருளைக் கட்டி, கையில் கொடுக்கும் அந்தக் கணத்தில், "அப்புறம் என்ன சேத்துத் தர்றீங்க?" என்று கேட்காமல் எங்களால் நகர முடியாது. அப்பா ஒரு முறை டாக்டரிடமே கேட்டிருக்கிறார். என் வாய் தானாகத் திறந்தது.

"நான் கோல்ட் மெம்பர்மா. காலைச் சாப்பாடு சேத்துப் போட்டுருங்களேன்."

"அது எனக்குத் தெரியல சார், சேந்து பத்து நாள்தான் ஆகுது. மேனேஜர கேட்டுட்டு வந்துர்றேன்."

"வேண்டாங்க!" என்றாள் தராசு. அதற்குள் அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள்.

மேனேஜர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைப் படித்தார். காலைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இத எப்படி உள்ள விட்ட?" என்றார் அந்தப் பெண்ணிடம். அவள் முகம் வெளுத்தது.

"நேத்து காலைல இந்த ரூம் திடீர்னு காலியாச்சு. ராத்திரி பூரா பூட்டியே கெடந்துச்சு. அதுக்கு முந்தின நாள் பரீட்சைக்குனு ரெண்டு பொண்ணுங்க வந்து நின்னாங்க, ரூம் இல்லைனு அனுப்பினோம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இந்த புக்கிங்க நான் ரத்து பண்றேன். பாயிண்ட் திரும்பிடும். மிச்சமிருக்கற ரெண்டு ராத்திரிக்கும் கேட்டு ஒரு குடும்பம் வெயிட்டிங்ல இருக்கு."

"சார், சார்... ஒரு நிமிஷம். ஒண்ணரை ராத்திரி பாயிண்ட் தர்றேன்."

"ஒண்ணரை ராத்திரினு எதுவும் கிடையாது."

"ரெண்டு. நாளைக்கு ராத்திரியையும் சேத்துக்கிறேன். வெயிட்டிங்ல இருக்கறவங்க கேக்கறதும் ரெண்டுதானே?"

"அவங்க யாரையும் ஏமாத்தலையே."

"உங்க விதி மட்டும் யோக்கியமா சார்? பரீட்சை எழுத வர்ற பசங்க கழுத்துல கத்தி வெக்கறீங்களே!"

"அத எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். நெறைய பேர் எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. பூட்டின ஷட்டரிடம் பேரம் பேசுவதுபோல் இருந்தது. ஊரில் வேறு அறை இல்லை, திரும்பிப் போய்க் காலையில் வரவும் முடியாது. கடைசி வாய்ப்பை ஒரு தட்டு ரொட்டிக்கும் முட்டைக்கும் விற்றுவிட்டு நின்றேன்.

தராசு என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"முதல்ல போட்டபடியே மூணு ராத்திரிக்கும் பாயிண்ட் எடுத்துக்குங்க. காலியா கெடந்த நேத்து ராத்திரியும் எங்க கணக்குதான். கவுண்டர்ல இருந்த இவங்க மேல தப்பு இல்ல, இவங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது."

"அது என் பாயிண்ட்..." என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினேன். அதில் அவளுடைய அக்காவின் கடல் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

மேனேஜர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். சிறிது நேரம் தட்டச்சின் சத்தம். "கையெழுத்து" என்றார்.

போட்டேன். அவ்வளவுதான். எதிர்க்கேள்வி இல்லை, குறைத்துக் கேட்பது இல்லை, போகிறமாதிரி நாலு அடி போய்த் திரும்புவது இல்லை. இப்படி ஒரு பேரத்தை எங்கள் தெருவில் யாராவது முடித்தால் ஊரைவிட்டுத் தள்ளி வைப்பார்கள். ஆனால் சாவி கைக்கு வந்துவிட்டது. கவுண்டர்ப் பெண்ணுக்கும் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அறையில் இரண்டு கட்டில். அவள் ஒன்றில் புத்தகங்களைப் பரப்பினாள். நான் மற்றதில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

"கடல் போச்சா?" என்றாள் முதல் வார்த்தையாக. தங்கை முன்பே செய்தி அனுப்பிவிட்டாள்.

"உன் தங்கச்சிதான் மூணையும் தூக்கிக் குடுத்தா."

"அவ குடுக்கற நெலமைக்குக் கொண்டு வந்தது யாரு? சாவிய வாங்கிட்டு வாய மூடிக்கிட்டு வர முடியலையா உங்களால?"

போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தராசு சாலையைக் கடந்து கேட்டுக்குள் போனாள். கேட்டிலேயே நின்று ஏழே முக்காலுக்கு அதைச் சாத்துவதைப் பார்த்தேன். தோளில் பையோடு ஓடிவந்த ஒரு பெண்ணைக் காவல்காரர் நிறுத்திவிட்டார். அவள் ராத்திரி எங்கே தங்கியிருந்தாளோ, எந்த பஸ்ஸில் வந்தாளோ தெரியவில்லை. வியாழக்கிழமை அறை இல்லை என்று திருப்பி அனுப்பிய இருவரில் ஒருத்தியாக இருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திரும்பி வந்தேன். பசித்தது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு சர்வர் பட்டியலோடு நின்றார். வெளியே எங்காவது ஒரு காப்பி குடித்துக்கொள்ளலாம் என்று கடந்துபோனவனைக் கூப்பிட்டார்.

"ரூம் நம்பர் சார்?"

சொன்னேன். "நான் காலைச் சாப்பாடு சேக்கலீங்க."

விரலைப் பட்டியலில் ஓட்டி நிறுத்தினார். "கோல்ட் மெம்பர்தானே? உங்களுக்கு எப்பவுமே உண்டு சார். ரெண்டு பேருக்கு. கேக்கவே வேண்டாம்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். ரொட்டி, முட்டை, வெட்டிய பழம். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு ரொட்டியை எடுத்தேன், பிய்க்காமலே போட்டேன். தட்டை நகர்த்தி வைத்தேன்.

சர்வர் வந்து, "வேற ஏதாவது வேணுமா சார்?" என்றார்.

வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டேன்.