சந்திரனுக்கு ஒரு குத்தூசி

என் வீட்டுக்காரர் கமாலுதீன் மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுத் தரகர். குத்தூசி இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம். சாக்கில் குத்தி இழுத்தால் அதன் பள்ளத்தில் சரக்கு வரும். உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, மோந்து பார்த்துத் தரம் சொல்வார்.

எழுபத்தாறில் ரஷ்யாக்காரர்கள் ஆளில்லாத கலத்தை அனுப்பி, சந்திரனில் துளை போட்டு மண் கொண்டுவந்தார்கள். பத்தாவது படித்த எங்கள் மகள் சுலைஹாவுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. தானும் அப்படியொரு பயணத்துக்குத் திட்டம் போட்டு, அத்தாவின் பழைய குத்தூசியைத் தகரக் கலத்தில் பொருத்தினாள். ஒரு சாக்கில் மஞ்சள், மிளகுத் தூசி, சுக்குப்பொடி என்று அடுக்கினாள், அதுதான் சந்திரன். பொத்தானை அமுக்கினால் ஊசி இறங்கி, அடுக்குக் கலையாமல் அள்ளிக்கொண்டு ஏறும். கீழே இருப்பது பழைய மண், மேலே இருப்பது புதியது, கலந்துவிட்டால் எல்லாம் வீண் என்பாள்.

"ஆளு போகாம சாம்பிளோ? என் கையால குத்தாத சாக்கை நான் நம்பமாட்டேன்," என்பார் இவர். ஆனாலும் பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்கினால் எர்ணாகுளம் காலேஜில் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். வாங்காவிட்டால் படிப்பு அத்தோடு சரி.

அன்று நடுவர் வந்து நிற்க, சுலைஹா பொத்தானை அமுக்கினாள். ஊசி இறங்கியது, ஏறியது. மூன்று நிறமும் வரிவரியாகத் தெரிந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற இவர் சும்மா இருந்தாரா? குத்தூசியைக் கண்டதும் கை தானாக நீண்டது. உருவி உள்ளங்கையில் கொட்டி, தேய்த்து, மோந்து, "ஈரம் இருக்கு," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குத்தூசியாலேயே அவரைக் குத்தியிருப்பேன்.

மறுபடி செய்து காட்டச் சொன்னார் நடுவர். "முடியாது சார். ஒரு தடவை போய்வரத்தான் எரிபொருள். என் பிளான் அப்படி," என்றாள் பிடிவாதக்காரி. பரிசு வைப்பின் தீவுப் பையன் செய்த எரிமலைக்குப் போனது.

வீட்டுக்குத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் இவர் மகள் முன்னால் போய் நின்றார்.

"மவளே, பஜார்ல சாம்பிளைக் கெடுத்தவன் சாக்கை எடுத்தாகணும். விக்கிறவன் சொன்ன வெலைக்கு. வெல சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "திருவனந்தபுரம் காலேஜ். சயன்ஸ். ஹாஸ்டல்."

அரைப் பைசாவுக்கு அரை நாள் பேரம் பேசும் மனிதர்.

"எடுத்துக்கிட்டேன்," என்று மஞ்சள் ஒட்டிய கையை நீட்டினார்.